அஞ்சே கால் அப்டேட்

சரியாக மாலை அஞ்சே கால். செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த அந்தக் குழாய்க் கம்பெனியின் இருபத்தெட்டு கம்ப்யூட்டர்களிலும் ஒரே நேரத்தில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது.

"முக்கியமான அப்டேட். ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் அணையும். வேலை முடிய இரண்டு மணி நேரம் ஆகும். தொடாதீர்கள்."

"போச்சுடா, இன்னிக்கும் வந்துகீது பாரு!" என்றாள் பில்லிங் அம்சா. சொல்லும்போதே டிபன் பாக்ஸ் பைக்குள் போயாகிவிட்டது.

மேனேஜர் ஹரிகிருஷ்ணனின் கண்ணாடி அறைக் கதவு படாரென்று திறந்தது.

"ஜெபகுமார்!"

சிஸ்டம் அட்மின் ஜெபகுமார் ஓடி வந்தான். எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் சாஃப்ட்வேர் போடுவது, எடுப்பது, அதில் ஓட்டை இருந்தால் அடைப்பது, எல்லாம் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே செய்வது அவன் வேலை. சேர்ந்து ஏழு மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

"இன்னிக்கு என்னய்யா?"

"வைரஸ் சார். அதுக்கு மருந்து."

"நேத்தும் வைரஸ்னுதானே சொன்னே?"

"அது அண்ணன் சார். இது தம்பி."

"முந்தாநாள் வந்தது?"

"அது... அவங்க சித்தப்பா சார்."

யாரோ சிரித்தார்கள். ஹரிகிருஷ்ணன் முறைத்தார். சிரிப்பு நின்றது.

"ஊர்ல எந்த ஆபீஸ்லயாவது தினம் அஞ்சே காலுக்கு அப்டேட் வருமா? உனக்கெல்லாம் எவன்யா சர்டிபிகேட் குடுத்தான்?"

ஜெபகுமார் தலையைக் குனிந்துகொண்டான். தினமும் நடக்கிற அர்ச்சனைதான். அதைக் கேட்டபடியே ஜனங்கள் அஞ்சு முப்பத்தைந்து பீச் லோக்கல் ரயிலுக்குக் கிளம்பினார்கள்.

"பாவம், வேல தெரியாத புள்ள," என்றாள் அம்சா, படி இறங்கும்போது. "ஆனா அது வேல கத்துக்கவே கூடாதுடா சாமி. முன்னாடி இன்னா பேஜாரு பட்டோம்!"

பட்டதென்னவோ உண்மை. அந்த ஆபீஸில் ஐந்து மணிக்கு வேலை முடியும். ஆனால் மேனேஜர் அறையில் லைட் எரியும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு சட்டத்தை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டம் என்றால்தான் நமக்குப் பயம் ஜாஸ்தி. ஏழு ஆகும், ஏழரை ஆகும். அம்சா கூடுவாஞ்சேரி போய்ச் சேரும்போது மகள் தூங்கிப் போயிருப்பாள்.

ஐந்தரைக்கு மேல் செங்கல்பட்டில் ஒரு ஜீவனும் போனை எடுப்பதில்லை என்று சென்னைத் தலைமை அலுவலகம், இந்த அப்டேட் தொடங்கி மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தது. விசாரிக்க ஸ்வாதி மேடத்தை அனுப்பினார்கள். கையில் லேப்டாப், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

அரை மணி நேரம் சர்வரைக் குடைந்துவிட்டு, மேனேஜர் அறையில் ஜெபகுமாரை நிற்க வைத்தார்.

"ஒரே ஃபைல். சாயந்திரம் எல்லாக் கம்ப்யூட்டர்லயும் போடறீங்க. காலைல எடுத்துடறீங்க. மறுபடி சாயந்திரம் போடறீங்க. இதுவரைக்கும் எழுபத்திரண்டு தடவை!"

ஜெபகுமார் ஓரக்கண்ணால் மேனேஜரைப் பார்த்தான்.

"அதுக்குள்ள என்ன மருந்து இருக்குன்னு திறந்து பார்த்தேன். ஒரு மண்ணும் இல்ல. கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லி ஒரே ஒரு வரி. யார் சொல்லி செஞ்சீங்க?"

"நானாத்தான் மேடம். எல்லாரும் ரயிலைப் பிடிக்கட்டுமேன்னு..."

திறந்திருந்த கதவு வழியாக இது வெளியே கேட்டது. "அடப்பாவி, தெரிஞ்சேதான் செஞ்சிகினு இருந்தியா!" என்று அம்சா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் வேலை தெரியாதவன் என்று சொன்ன வாய் அது.

"சரி, உங்க வேலை இன்னியோட முடிஞ்சுதுன்னு எழுதிடறேன்," என்றார் ஸ்வாதி. "மேனேஜர் சார், உங்களுக்கு ஆட்சேபணை இருக்காதே?"

ஹரிகிருஷ்ணன் வழக்கம்போல் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அவன் பேரை எழுதாதீங்க மேடம். என் பேரை எழுதுங்க. செய்யச் சொன்னதே நான்தான்."

"நீங்களா? தினமும் அவரைத் திட்டறதே நீங்கதானாமே!"

"திட்டலைன்னா கண்டுபிடிச்சிடுவாங்களே." மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். "அஞ்சு மணிக்குக் கிளம்பலாம்னு பார்ப்பேன் மேடம். வெளியில இருபத்தெட்டு பேரும் கீபோர்டைத் தட்டிக்கிட்டு இருப்பாங்க. அவங்க உழைக்கும்போது நான் எப்படி எழுந்து போறது? அவங்க போகட்டும்னு மூணு வருஷம் உட்கார்ந்திருந்தேன். நான் போகட்டும்னு அவங்க உட்கார்ந்திருக்காங்கன்னு இவன் வந்துதான் சொன்னான்."

"வெளியே வந்து, கிளம்புங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"மூணு வருஷம் கழிச்சு எப்படி மேடம் சொல்றது? வெக்கமா இருக்காதா?"

ஸ்வாதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லேப்டாப்பில், 'அப்டேட்டுகள் ஒழுங்காக நடக்கின்றன' என்று ஒரே வரி தட்டி மூடிவைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு காலி சி.டி.யை எடுத்து ஜெபகுமாரிடம் நீட்டினார்.

"எங்க ஆபீஸ்ல நூத்தி முப்பது பேர் எட்டரை மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கோம். இதுல ஒரு காப்பி போட்டுக் குடுங்க. திட்டற வேலையை நான் பார்த்துக்கறேன்."