எதிராளியின் பெயர்

ஆட்டம் தொடங்கப் போகிறது. ஹேமநாதனின் கட்டை விரல் கைப்பேசித் திரைமேல் இறங்க மறுத்தது.

குளுவாங் ஊர்ச் சதுரங்க மன்றத்தின் டெலிகிராம் குழுவில் கணிப்புப் போட்டி. மகளிர் நாக்-அவுட்டில் யார் ஜெயிப்பார், யார் பெட்டி கட்டுவார் என்று ஆட்டக் கடிகாரம் ஓடத் தொடங்குவதற்குள் பெயர் போட்டுவிட வேண்டும். ஹேமநாதன் சொன்னால் அப்படியே பலிக்கும். ஒரே ஒருத்தியின் ஆட்டத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் தப்பு.

அவள் பிரவீனா. அவர் பெற்ற மகள். கஜகஸ்தானில், அரையிறுதியின் டை-பிரேக் விரைவு ஆட்டத்துக்கு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒவ்வொரு சுற்றிலும் அவர் எதிராளியின் பெயரைத்தான் போட்டார். முன்பு ஒருமுறை, பினாங்குப் போட்டியில், என் மகள்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டார். அன்று அவள் யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டுத் தோற்றாள். என் கண்ணே பட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர், அதன் பிறகு அவள் பெயரைத் தொடவே இல்லை.

குழுவில் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். பிள்ளை ஜெயிக்கிறாளே.

அவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது ஒரே ஆள்தான். 'குளுவாங் குதிரை' என்ற பெயரில், முகம் காட்டாமல், எல்லாச் சுற்றிலும் பிரவீனாவின் பெயரையே போடும் ஆள். இவன் கண் வைத்தே என் பிள்ளையைக் கவிழ்க்கப் போகிறான் என்று மனைவி புஷ்பவள்ளியிடம் புலம்புவார். யானை எது, மந்திரி எது என்று தெரியாத அவள், 'ம்' கொட்டிக்கொண்டே காய் நறுக்குவாள்.

இன்று காலை மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது.

"அப்பா, இன்னைக்கு மட்டும் என் பேர போடுங்கப்பா. அப்பாவே நம்பலன்னு நெனச்சிக்கிட்டு விளையாட முடியல லா."

அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. போட்டால் கண் படும். போடாவிட்டால் பிள்ளையின் மனசு விட்டுப்போகும்.

கண்ணை மூடிக்கொண்டு விரலை இறக்கினார். பிரவீனா.

கடிகாரம் ஓடப் போகும் சமயத்தில் திரையில் இன்னொரு வரி முளைத்தது. குளுவாங் குதிரை தன் கணிப்பை மாற்றியிருந்தது. எதிராளியான ஹங்கேரிப் பெண்ணின் பெயர்.

ஹேமநாதன் அந்த வரியை மறுபடி படித்தார். இத்தனை நாள் கூடவே வந்தவன் இன்றைக்குப் பார்த்துக் கைவிடுகிறான் என்றால், அவனுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது.

புஷ்பவள்ளி சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

யார் கை ஓங்குகிறது என்று நேரலையில் கணினி காட்டும் பட்டையில் பிரவீனாவின் வெள்ளை குறைந்துகொண்டே வந்தது. சிப்பாய் ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. நான்தான் கெடுத்தேன் என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

பிரவீனாவுக்குச் சில நொடிகளே மிச்சம். அவள் ராஜாவை முன்னால் நகர்த்தினாள். அவசரத்தில் ஹங்கேரிப் பெண் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தாள்.

பட்டை முழுக்க வெள்ளையாயிற்று. எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினாள்.

ஹேமநாதன் துள்ளி எழுந்தார். கண்ணீரைக்கூடத் துடைக்காமல், அந்தக் குதிரைக்குத் தனியாக ஒரு செய்தி தட்டினார். நன்றி கெட்டவன், துரோகி, இன்னும் வாயில் வந்ததெல்லாம். அனுப்பினார்.

புஷ்பவள்ளியின் மடியில் கைப்பேசி ஒலித்தது.

அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க அவ பேர போட்டுட்டீங்க. வீட்ல ஒருத்தராச்சும் மாத்திப் போட வேணாமா?"