டுவெய்ன் மருந்துக் காப்பீட்டில் சேர்கிறான்

ஓஹையோவின் சிற்றூர் நூலகத்தில், பனியின் வெளிச்சம் ஜன்னல் வழியே மேசைமேல் விழுகிறது. ஓய்வு பெறும் வயதாகியும் அரசு மருந்துக் காப்பீட்டில் சேரமாட்டேன் என்று நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறான் டுவெய்ன். "மாத்திரையெல்லாம் கெழடுங்களுக்கும்மா. நான் ஒண்ணுகூட முழுங்கறதில்ல," என்று காப்பீட்டுக்கு ஆள் சேர்க்கக் கணினிமுன் இருக்கும் பெண்ணிடம் சிரிக்கிறான். "இப்ப விட்டுட்டு அப்புறம் சேந்தீங்கன்னா ஆயுசுக்கும் அபராதம், சார்." "கட்டிட்டாப் போச்சு!" பக்கத்தில் அவன் மனைவி லோரெட்டா கையுறையை விரல்விரலாகக் கழற்றுகிறாள். இந்த வாய்ச்சவடால் அவளுக்குப் புளித்துப்போய் வெகுகாலமாகிறது. "அப்ப என் பிரஷர் மாத்திரையத் தெனமும் திருடித் தின்னுறது யாரு, எலியா?" அடுத்த மேசையில் ஒரு செய்தித்தாள் மெல்லத் தாழ்கிறது. டுவெய்னின் காதுமடல் சிவக்கிறது. "என்ன மாத்திரைன்னு போடட்டும், சார்?" என்கிறாள் அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். ஊரையே கூட்டுகிற டுவெய்னின் குரல், மாத்திரையின் பெயரை மில்லிகிராமோடு சேர்த்து முணுமுணுக்கிறது. "சத்தமாச் சொல்லுய்யா," என்கிறாள் லோரெட்டா.