ஒரு படி யூரியா

வரப்பில் சிந்திய யூரியாக் குருணைகள் வெயிலில் மினுங்குகின்றன. சாணமும் கொழிஞ்சித் தழையும் மட்டுமே போட்டு விளைவித்துப் பார்க்க வேண்டிய சோதனை வயல் இது. ஆராய்ச்சிக்கு வந்த கிருபாகரன் சார் ஒரு குருணையை விரலில் ஒட்டி எடுத்துப் பார்க்கிறார். "பயிரு வெளுத்துக் கெடந்துச்சு சார். திருமங்கலம் பஸ்ஸுல போறவனெல்லாம் எட்டிப் பாத்துச் சிரிக்கிறான். மனசு கேக்கல, காலையில ஒரே ஒரு படிதான் வீசுனேன்" என்கிறார் வயல்காரர் நல்லகாமன். "அம்புட்டும் போச்சேண்ணே! இனி வெளஞ்சாலும் தழையில வெளஞ்சதுன்னு எப்படிச் சொல்ல? அடுத்த போகம் மறுபடி மொதல்லருந்துதான்" என்கிறார் சார். "அதுக்கென்ன சார், தழை சுமக்கத்தான் இவன் இருக்கான்ல" என்று நல்லகாமன் என்னைக் காட்டுகிறார். சுமந்த சாணத்தின் வாடை இன்னும் என் தலையைவிட்டுப் போகவில்லை. கையிலிருந்த சாணக் கூடையை ஓங்கி வரப்பில் அடிக்கிறேன். காய்ந்த சாணம் உதிர்ந்து அந்த வெள்ளைக் குருணைகளின் மேல் விழுகிறது.