கழுவிக் கவிழ்த்த பாட்டில்

மூன்றாம் நாளே நிலவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இன்னும் நான்கு நாள் மருந்து பாக்கி. வாயில் வைத்தாலே துப்புகிறவனோடு யார் மல்லுக்கட்டுவது? ஆனால் பாட்டிலைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரியில் அடுத்த முறை மருந்து தருவார்கள். அவன் அம்மா சுகந்தி மிச்சத்தைச் சமையலறைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் அந்தக் குடியிருப்பின் எல்லாப் போன்களும் ஒன்றாக அலறின. சாக்கடைக் குழாயில் கருவி பொருத்தியிருந்த சுகாதாரத் துறையின் செய்தி: 'உங்கள் கழிவுநீரில் குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் கலந்துள்ளது. கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்பதால், இங்குள்ள குழந்தைகளுக்கு ஓராண்டுக்கு அம்மருந்து வழங்கப்படாது.'

எந்த வீடு என்று போடவில்லை. அன்று பூராவும் சுகந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. எத்தனை முறை சோப்புப் போட்டும் கையில் அந்த மருந்தின் ஆரஞ்சு வாசம் போகவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு சபீரா கதவைத் தட்டினாள். தோளில் எட்டு மாதக் குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

"எந்தப் பாவி கொட்டினாளோ அக்கா! காலையிலதான் இவளுக்கு அந்த மருந்தை எழுதிக் குடுத்தாங்க. இப்ப வாங்கப் போனா இல்லைன்னுட்டாங்க." குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டாள். "நிலவனுக்கு வாங்கினதுல ரெண்டு மூடியாவது மிச்சம் இருக்குமா அக்கா?"

சுகந்தியின் முதுகுக்குப் பின்னால், பாத்திரக் கூடையில், கழுவிக் கவிழ்த்த பாட்டில் பளபளவென்று இருந்தது.