ஒரு வாய் உப்புமா

மனநலச் சமூகப்பணியில் மேற்படிப்புப் பயிற்சி பெறும் மெர்லின், தனியாகப் போய்ப் பார்த்த முதல் வீடு அது. சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள் என்று சொல்லி அக்கா பட்டினி கிடக்கிறாள், மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று தம்பி சண்முகவேல் அழைத்திருந்தார்.

அக்கா திலகவதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தம்பி அப்போதுதான் உப்புமாத் தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றார்.

"எனக்குக் கிறுக்குன்னுதான எழுதப் போற?"

"இல்லக்கா. நீங்க சொல்றதக் கேக்கத்தான் வந்தேன்."

சந்தேகத்தை மறுக்கவும் கூடாது, ஆமோதிக்கவும் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

"கேட்டது போதும்." திலகவதி தட்டை நகர்த்தினாள். "நீ ஒரு வாய் சாப்பிடு. அப்பறம் நானும் சாப்பிடறேன். எங்க கூப்பிட்டாலும் வரேன்."

இதற்கு என்ன செய்வதென்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. தயங்கினால் இவள் இனி யாரையும் நம்பமாட்டாள் என்று மட்டும் மெர்லினுக்குத் தெரிந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கவளம் எடுத்தாள்.

சண்முகவேல் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம் மேடம். ஆறிப்போச்சு. உங்களுக்கு வேற கொண்டாரச் சொல்றேன்."

தட்டின் சூடு மெர்லினின் தொடையில் உறைத்தது. கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

"பரவால்ல சார். இதையே எடுத்துட்டுப் போறேன்," என்றாள். "அக்கா, செருப்பப் போடுங்க. நாம கிளம்பலாம்."

திலகவதி எழுந்தாள். சண்முகவேல் இன்னும் மெர்லினின் கையை விடவில்லை.