ஆர்லிஸ் எழுதிய ஹிட்

"மைக்கக் குடு."

ஆம்ப்ரோஸ் தீலன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். நான் மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சியில் அவன் பேசுவதாகவே இல்லை. நான் பெயரை வாசிப்பேன், அவர்கள் வந்து நிற்பார்கள், ஜனம் கைதட்டும், பிறகு ஆட்டம் தொடங்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. லேக் ஒடிலியா பேஸ்பால் அணியின் பழைய ஆட்டக்காரர்களுக்கும், சம்பளம் வாங்காமல் அணிக்கு உழைத்தவர்களுக்கும் மரியாதை செய்கிற ஞாயிற்றுக்கிழமை அது.

முப்பது வருஷம் மைதானத்தில் புல் வெட்டிய கிளீட்டஸ் வந்து நின்றாயிற்று. மழையிலும் குடை பிடித்துக்கொண்டு சாசேஜ் சுட்ட வெர்னாவும் வந்தாயிற்று. அவளுக்குத்தான் விசில்.

கடைசியாக இரண்டு பேர். ஆம்ப்ரோஸ். ஆர்லிஸ்.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ!

ஆர்லிஸ் நாற்பத்தொரு வருஷம் எங்கள் அணிக்கு ஸ்கோர் எழுதியவள். பேனாவில்தான் எழுதுவாள். பென்சிலைத் தொடமாட்டாள். கேட்டால், "அழிக்கறதுக்கா எழுதறோம்?" என்பாள். மே மாதக் குளிரில் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதினாள். பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்பும் எழுதினாள். ஒரு பந்தைக்கூடத் தவறவிட்டதில்லை.

ஊர் அப்படிச் சொல்லாது. ஊருக்கு ஒரே ஒரு பந்துதான் ஞாபகம்.

1987. ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். எதிரணியில் இரண்டு பேர் அவுட். பந்து வீசிய ஆம்ப்ரோஸ் அதுவரை அவர்களுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. இன்னும் ஒரே ஓர் ஆள் அவுட்டானால் போதும். எங்கள் மைதானத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் செய்யாத காரியம்.

அந்த ஆள் தரையோடு அடித்தான். பந்து ஆம்ப்ரோஸைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் ஷார்ட்ஸ்டாப்பில் நின்றவனைப் பார்த்து உருண்டது. பச்சைக் குழந்தைகூடப் பிடிக்கும். ஆனால் அவன் கையுறையின் ஓரத்தில் இடித்துக்கொண்டு ஓடிவிட்டது.

ஷார்ட்ஸ்டாப்பின் தவறு என்று ஸ்கோர் புத்தகத்தில் எழுதினால் ஆம்ப்ரோஸின் சாதனை பிழைக்கும்; யார் தவறும் இல்லை, அடித்தவனின் ஹிட் என்று எழுதினால் போயிற்று. மைதானமே ஆர்லிஸைத் திரும்பிப் பார்த்தது.

அவள் 'ஹிட்' என்று எழுதினாள்.

ஷார்ட்ஸ்டாப்பில் நின்றவன் அவள் புருஷன்.

போதாதா? அடுத்த ஆள் அவுட், ஆட்டம் எங்களுக்கு. யாரும் கொண்டாடவில்லை. பூசை முடிந்த மாதா கோயில் வாசலிலும் மதுக்கடையிலும் அவள் காதுபடவே பேசினார்கள். புருஷனைக் காப்பாற்ற ஆம்ப்ரோஸைக் கவிழ்த்துவிட்டாளாம். அவள் பதில் சொன்னதில்லை. ஆம்ப்ரோஸுக்குப் பார்த்தவனெல்லாம் பீர் வாங்கிக் கொடுத்தான். அவனும் அவளும் பேசி முப்பத்தெட்டு வருஷம்.

இன்று அவள் பெயர் மைதானத்து வேலிப் பலகையில் ஏறப்போகிறது. இன்னும் துணி விலக்கவில்லை. ஆம்ப்ரோஸ் ஒரு வார்த்தை ஏடாகூடமாகப் பேசினால் போதும். அந்தப் பலகையை இந்த ஊர் காலத்துக்கும் சிரித்துக்கொண்டேதான் படிக்கும்.

"வேணாம்டா," என்றேன், மைக்கைப் பொத்திக்கொண்டு.

"குடுறான்னா."

கேலரியிலிருந்து புட்ச் கத்தினான். "விடாத ஆம்ப்ரோஸ்! இன்னிக்காவது நாக்கப் பிடுங்கற மாதிரி கேளு!"

சிரிப்பு அலையடித்தது. ஆர்லிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தலை குனியவில்லை.

மைக் அவன் கைக்குப் போனது.

"அந்தப் பந்து…" தொண்டையைச் செருமினான். "அது என் கையுறை நுனியில பட்டுச்சு."

சிரிப்பு பாதியில் நின்றது.

"மயிரிழைதான். ஆனா திசை மாறிடுச்சு. பின்னால நின்னவன் மேல தப்பே இல்ல." என்னை ஒரு தடவை பார்த்தான். "எவன் நின்னிருந்தாலும் பிடிச்சிருக்க முடியாது. அது ஹிட்டுதான். அன்னிக்கே எனக்குத் தெரியும். நீங்க பீர் வாங்கிக் குடுத்துக்கிட்டே இருந்தீங்க, நானும் குடிச்சுக்கிட்டே இருந்துட்டேன்."



அவன் அவள் பக்கம் திரும்பினான். "எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன். நீ அதப் பாத்தியா ஆர்லிஸ்?"

"பாத்தேன். எழுதியிருக்கேனே."

காட்சிக்கு வைத்திருந்த நாற்பத்தொரு ஸ்கோர் புத்தகங்களில் ஒன்றை உருவினாள். தேடவே இல்லை, பக்கம் தானாகத் திறந்துகொண்டது. ஹிட் என்று போட்ட கட்டத்தின் மூலையில், நீல மையில், பொடி எழுத்தில்: 1-6.

ஸ்கோர் புத்தகத்தில் பந்து வீசுகிறவன் எண் ஒன்று. ஷார்ட்ஸ்டாப் ஆறு. பந்து முதலில் யாரைத் தொட்டது, அப்புறம் யாரைத் தொட்டது. பேஸ்பால் தெரிந்த யாரும் ஒரு நொடியில் படித்திருக்கலாம்.

யாரும் கேட்கவில்லை. அவளும் காட்டவில்லை.

முதலில் எழுந்து நின்றது புட்ச். தொப்பி கையில் இருந்தது. அப்புறம் நானூறு பேரும் எழுந்தார்கள். வெர்னா கரண்டியோடு கைதட்டினாள். எதிரணிப் பையன்கள்கூட வெளியே வந்து நின்றார்கள்.

நான் கைதட்டவில்லை.

அந்தப் புத்தகங்கள் இத்தனை வருஷமும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தன.

1987இல், ஆட்டம் முடிந்து காரில் திரும்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். "என்னைக் காப்பாத்திட்ட, ஆர்லிஸ்" என்றேன்.

ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.