சகலையின் பேய்

மறைந்திருக்கும் உண்மையைக் காணவென்றே சில கண்கள் படைக்கப்படுகின்றன. அவற்றில் இரண்டு தன்னுடையவை என்று மாசிலாமணி நம்பினார். ஆனால் குடும்பமாகத் தியேட்டரில் பார்த்த பேய்ப்படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் கண்ணாடிக்குள் பேய் நிற்பதை ஞாயிற்றுக்கிழமை விருந்தில் முதலில் சொன்னது சகலை கோதண்டம். மைத்துனிகள் வாய்பிளந்தார்கள். மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது.

“நானும் பாத்தேன் சகலை. நீங்க சொல்லட்டுமேன்னு சும்மா இருந்தேன்.”

“அப்படியா! யார் கண்ணு திரையில எங்க பாத்துச்சுன்னு தியேட்டர் நாற்காலியே இப்பல்லாம் போனுக்கு அறிக்கை அனுப்புதே, காட்டுங்களேன்.”

“மொதல்ல சாப்பிடுவோம்.”

“உங்க சகலை வாயை அடைக்கிறேன் பாருங்க” என்று மனைவி திலகா கணவரின் போனை எடுத்துச் சத்தமாகப் படித்தாள்.

மாசிலாமணியின் கண்கள் திறந்திருந்தது இடைவேளையில் மட்டும்.